கடல் இடது கைப் பக்கம்

வான் வந்ததும் முதலில் ஏறியது நான்.
சாரதி ஆசனத்துக்கு நேர் பின்னால், வலது யன்னல்.
மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகும்வரைக்கும்
கடல் இடது கைப் பக்கம்தான் வரும்.
அதை நான் நேற்றிரவே யோசித்துவிட்டேன்.

இவர் வவுனியா. குளத்துக்காரர்.
வாடகைக்கு வான் பிடித்ததும்
எந்த ஊரில் இறால் நல்லதென்று
மூன்று பேரிடம் விசாரித்ததும் இவர்தான்.

கோட்டைக்குள் போனோம்.
"ராசா எங்க?" என்றான் சாருஜன்.
ராசா இல்லை.
பீரங்கியின் வாய்க்குள் யாரோ
ரொபித்தாள் திணித்திருந்தார்கள்.
ஒல்லாந்தரின் அந்தத் தடித்த சுவரோரம்
முன்பொரு கையெழுத்துக்காக
நான்கு நாள் வரிசையில் நின்றிருக்கிறேன்.
கச்சேரி என்றால் பாட்டுத்தானே என்று
மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கல்லடிப் பாலத்தில் இவர் வேகத்தைக் குறைத்தார்,
மீன் பாடுதா பார்ப்போம் என்று.
பின்னால் வந்த கல்முனை பஸ் பாடியது.

காத்தான்குடி தாண்ட
பிள்ளைகள் இடது யன்னலில் ஒட்டிக்கொண்டார்கள்.
அங்க, அங்க, தென்னைக்கு இடையில, போச்சு.
மறுகா வந்தது, மறுகா போச்சு.
என் பக்கம் வாவி. என் பக்கம் வயல்.
ஒரு மாடு, அதன் முதுகில் கொக்கு,
நீல நிறத்தில் ஒரு நீர்த்தாங்கி.
கல்லாறு வந்தபோது
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன், குடிக்கவில்லை,
மூடினேன்.
இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
நிற்பாட்டவா என்று கேட்கவில்லை.
அதற்காக இவரை எனக்குப் பிடிக்கும்.

நிந்தவூரில் ரயர் காற்றுப் போனது.
கடைக்காரர் றம்சீன்
ரியூப்பைத் தண்ணித் தொட்டிக்குள் அமிழ்த்தி
குமிழி எங்கிருந்து வருகிறதென்று தேடினார்.
"இன்னும் ரெண்டு கட்டை ஓடியிருந்தா வெடிச்சிருக்கும்."
பிள்ளைகளுக்குக் கதிரை தந்தார்.
எனக்குத் தேத்தண்ணி.
அவர் தலைக்கும் மேலே, சுவரில்
ஒரு மங்கிய கோடு.
அதற்குக் கீழே வேறு நிறம்.
பெயின்ற் தீர்ந்துவிட்டதாக இவர் நினைத்திருப்பார்.
"தங்கச்சி எந்த ஊர்?"
"கல்லாறு."
றம்சீன் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒட்டுத் துண்டை நெருப்பில் காட்டினார்.
வேலைக் கூலியில் நூறு ரூபாய் குறைத்தார்.

பிறகு திருக்கோவில். உச்சி வெயில், நடை சாத்தியிருந்தது.
பிறகு கோமாரி.
பொத்துவில் மண்மலையில் பழைய கற்கள்
பாதி மணலுக்குள் கிடந்தன.
எத்தனையோ நூறு வருசமாக
கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.
கல்லுக்கு அது முடியும்.

உல்லையில் மூன்று பேரும் இறங்கினார்கள்.
நான் வானுக்குள் இருந்து
பருப்பு வடையை எண்ணினேன். பதினொன்று.
ஒன்றை நான் தின்றேன்.
பத்து.
வாசுகி இருந்திருந்தால் ஏழுதான் மிஞ்சியிருக்கும்.
அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.
ஏழு நாள் இறைத்தும் எங்கள் கிணறு இனிக்கவில்லை.
எட்டாம் நாள் அப்பா வாளியை வைத்துவிட்டார்.

திரும்பும்போது இருட்டு.
நான் அதே ஆசனத்தில், அதே யன்னலில்.
சாருஜன் என் மடியில் சரிந்து
உப்பு வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.
அக்கரைப்பற்று வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்
வலது காதில் ஏதோ இரைந்தது.
ரயராக இருக்கும் என்று நினைத்தேன்.
றம்சீன் ஒட்டியது சரியில்லையோ.

பிறகுதான் விளங்கியது:
வான் திரும்பினால் கடலும் பக்கம் மாறும்.
நேற்றிரவு எல்லாம் யோசித்தேன்,
இதை யோசிக்கவில்லை.

"இடம் மாறுவமா?" என்றார் இவர், மெதுவாக.
பிள்ளையின் தலை பாரமாக இருந்தது.
அவன் மயிருக்குள் மணல்.
ஒவ்வொன்றாக எடுத்து
யன்னலைக் கொஞ்சம் திறந்து
வெளியே போட்டேன்.
உள்ளே காற்று வந்தது.
கல்லாறு வரைக்கும்
இன்னும் நிறைய மணல் இருந்தது.